கை வைத்த நாற்காலி

அந்த நாற்காலியைப் பார்த்தாலே மிஷின் அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வரும். உட்காரும் இடத்தில் துணி கிழிந்து மஞ்சள் பஞ்சு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பஞ்சு குடித்த வேர்வை அவளுடையது மட்டும் என்றால்கூடப் போனால் போகிறது என்று விடலாம். அவளுக்கு முன்னால் அதில் உட்கார்ந்து ஓய்வு பெற்றுப் போனவருடைய வேர்வையும் அதற்குள்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு வாடை அடிக்கும் பாருங்கள், மூக்கடியில் தலைவலித் தைலம் தடவிக்கொண்டுதான் உட்கார வேண்டும். உயரத்தை ஏற்ற ஒரு பிடி உண்டு. பிடியைத் தூக்கினால் நாற்காலி ஏறும். ஆள் உட்கார்ந்ததும் 'புஸ்' என்று மூச்சை விட்டுக்கொண்டு அடிவரைக்கும் இறங்கிவிடும். சாய்ந்தால் முதுகுப்பக்கம் பின்னால் போய்விடும். முழங்கையை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் கை கிடையாது.

மேசை இதற்கு நேர்மாறு. ஆட்கள் நின்றுகொண்டு கோப்பு கட்டுவதற்காகச் செய்த மேசை அது. கம்ப்யூட்டர் வந்த புதிதில் வேறு இடம் இல்லையென்று அதன்மேல் தூக்கி வைத்தார்கள். அப்புறம் யாரும் இறக்கவில்லை. மிஷின் அக்கா நாலடி பத்து அங்குலம். நாற்காலி பள்ளத்தில், மேசை அவள் நெஞ்சுக்கு நேரே. தோள் இரண்டையும் காது வரைக்கும் தூக்கிக்கொண்டு, மணிக்கட்டை விளிம்பில் ஊன்றிக்கொண்டுதான் தட்ட வேண்டும். விளிம்பில் தகரப் பட்டை வேறு. ப்ளக் இருக்கும் தூண் இடது பக்கம் என்பதால் ஸ்க்ரீனும் இடது பக்கம். கீழே சிபியு பெட்டி அடைத்துக்கொண்டிருப்பதால் கால் இரண்டும் வலது பக்கம். முகம் ஒரு திக்கு, கால் ஒரு திக்கு, கை அந்தரத்தில். ஒரு மனுஷி இப்படியே பதினெட்டு வருஷம் உட்கார்ந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? இப்போது நினைத்தால் அவளுக்கு மற்றவர்களைவிடத் தன்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அது ஒரு காப்பீட்டு நிறுவனம். விபத்தில் அடிபட்டவர்கள் கையால் எழுதி அனுப்பும் படிவங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் பிரிவின் வேலை. எட்டுப் பேர் இருந்தார்கள். மற்றவர்கள் ஒரு நாளைக்கு அறுபது படிவம் அடித்தால் அவள் நூற்றிருபது அடிப்பாள், அதுவும் பிழையில்லாமல். ஏணியிலிருந்து விழுந்தவர், எந்திரத்தில் விரலைக் கொடுத்தவர், வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர் என்று ஊரில் உள்ள அத்தனை பேருடைய எலும்பும் அவள் விரல் வழியாகத்தான் போகும். கட்டைவிரல் போனால் கைக்கு எத்தனை சதவீத இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு எத்தனை என்று அட்டவணையைப் பார்க்காமலே ஒப்பிப்பாள். அந்த வேகத்துக்காகத்தான் மேலாளர் ஒருநாள் எல்லார் முன்னாலும், "இவங்க மனுஷியே இல்ல, மிஷின்!" என்றார். அன்றிலிருந்து அவள் மிஷின் அக்கா. அந்தப் பேருக்கு அவள் பூரித்துப்போய் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் வேறு சொன்னாள். அந்த அசட்டுத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

மேலாளருக்கும் ஒரு பேர் உண்டு, அவருக்குத்தான் தெரியாது. பெருமூச்சு. யார் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு நீண்ட மூச்சு விடுவார், அப்புறம் இல்லை என்பார். மூச்சின் நீளத்தை வைத்தே பதிலைச் சொல்லிவிடலாம் என்பாள் பக்கத்து மேசைக்காரி. அவள் எந்நேரமும் ஒரு குடுவையில் சுடுதண்ணீர் வைத்துக் குடித்துக்கொண்டே இருப்பதால் அவள் பேர் வெந்நீர். அந்த எட்டுப் பேரில் மிஷின் அக்காவுக்கு மனசு விட்டுப் பேச அவள் ஒருத்திதான்.

கை மரத்துப்போக ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் விடிகாலையில் எழுந்ததும் விரல் நுனியில் சுருசுருவென்று இருந்தது, உதறினால் சரியாகிவிட்டது. அப்புறம் உதறினாலும் சரியாகவில்லை. பைக்குள் கையை விட்டால் சாவி எது, பேனா எது என்று தெரியாது. வீட்டு வாசலில் நின்றுகொண்டு பையை மொத்தமாகக் கவிழ்த்துத்தான் சாவியை எடுப்பாள். ஒருநாள் கொதிக்கிற பால் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து இறக்கி வைத்துவிட்டு, கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரிந்து, டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள். வளவள என்று பேசுகிற ஜாதி இல்லை.

"கண்ணை மூடிக்குங்க. பஞ்சால விரலைத் தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

மிஷின் அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஆரம்பிங்க டாக்டர்."

"அஞ்சு தடவை தொட்டாச்சும்மா."

கண்ணைத் திறந்து பார்த்தாள். டாக்டர் அவளுடைய வலது உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய இடத்தை அழுத்திக் காட்டினார். அங்கே மேடு இல்லை, குழி இருந்தது. மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதற்குள் நரம்பு போகிறது, வருஷக்கணக்காகக் கையை வளைத்து விளிம்பில் ஊன்றி ஊன்றி அந்த வழி வீங்கி நரம்பை நெரிக்கிறது என்றார். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு என்பதால் அது மட்டும் தப்பித்திருக்கிறதாம்.

"எப்படி உக்காந்து வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"மனுஷங்க உக்கார்ற நாற்காலியா அது? இங்க பாருங்கம்மா, மூணு மாசம் டைம். அதுக்குள்ள இடத்தைச் சரி பண்ணிட்டு, கைக்குப் பட்டையும் போட்டுக்கிட்டா நரம்பு தானா தேறலாம். இல்லேன்னா கத்தி வைக்கணும். கத்தி வச்சாலும் வத்திப்போன சதை திரும்ப வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். பாதம் இரண்டும் தரையில் அல்லது ஒரு பலகையில் முழுசாகப் பதிய வேண்டும். முழங்கை இடுப்போடு ஒட்டி, எல் மாதிரி மடங்க வேண்டும். மணிக்கட்டு நேராக, எதன்மேலும் அழுந்தாமல். ஸ்க்ரீன் முகத்துக்கு நேரே, கை நீட்டுகிற தூரத்தில், அதன் மேல் ஓரம் கண் மட்டத்தில். நாற்காலிக்கு முதுகும் வேண்டும், கையும் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். மருந்து மாத்திரைகூடப் பெரிதாக இல்லை.

மறுநாளே மனு எழுதினாள். டாக்டர் சீட்டையும் படத்தையும் சேர்த்துக் குத்தி, "என் வலது கையின் நிலையை முன்னிட்டு, கை வைத்த, உயரம் அட்ஜஸ்ட் ஆகும் நாற்காலி ஒன்றும், உயரம் குறைந்த மேசை ஒன்றும் அளித்து உதவுமாறு" என்று பணிவாகக் கேட்டிருந்தாள். நாலாம் நாள் மனு திரும்பி வந்தது. ஓரத்தில் பெருமூச்சின் கையெழுத்து, தேதி, இரண்டே வார்த்தை: 'அட்ஜஸ்ட் செய்துகொள்ளவும்.'

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தாயா, மனுஷன் பரவாயில்லையே, மூச்சே விடாமல் அனுமதி கொடுத்துவிட்டாரே என்று வெந்நீரிடம் காட்டிவிட்டு, தாளைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துப் பொருளறைக்கு ஓடினாள். அங்கே கை வைத்த நாற்காலிகள் ஆறு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், சுவரோரம் வரிசையாக நின்றன. அதில் நடுவில் உள்ளதைத் தொட்டுப் பார்த்து, "இது எனக்கு" என்று தாளை நீட்டினாள்.

பொருளறைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார். அப்புறம் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதுல நாற்காலியை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லல. உங்களைத்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்றாரு."

அவளுக்குச் சுரீரென்றது. மாடிப்படி ஏறும்போது முகம் நெருப்பாக எரிந்தது. இந்த ஊர்ப் பேச்சில் அட்ஜஸ்ட் என்ற வார்த்தை எப்போதாவது பொருளுக்குப் பொருந்தி வந்திருக்கிறதா? பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்தால் அட்ஜஸ்ட். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அட்ஜஸ்ட். மாமியார் வாய்க்கு அட்ஜஸ்ட். நாற்காலியில் ஏற்ற இறக்கப் பிடி வைத்தவன் பாவம், நாற்காலிதான் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறும் என்று நினைத்துவிட்டான். இத்தனை வருஷம் அந்த வார்த்தையை வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்த தனக்கே அது தப்பாகப் புரிந்ததே என்று நினைக்கையில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பலாம் போலவும் வந்தது.

நேரே பெருமூச்சின் அறைக்குள் போய் நின்றாள். அவர் மூச்சை இழுத்தார். விட்டார். ரொம்ப நேரம் விட்டார்.

"இங்க பாருங்கம்மா. கை வச்ச நாற்காலி அதிகாரி தரத்துக்கு மேலதான். அதுதான் விதி. உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கை கேப்பாங்க."

"எல்லாருக்கும் கை இருக்கே சார்."

"கிண்டல் பண்ணாதீங்க. கையை நாற்காலி மேல வச்சுட்டா அப்புறம் டைப் எங்க அடிப்பீங்க? அதிகாரின்னா யோசிக்கணும், சாயணும், அதுக்குக் கை வேணும்."

"நான் யோசிக்கிறதே இல்லைன்னு சொல்றீங்களா சார்?"

"நீங்க மிஷின்மா" என்று சொல்லிப் பெருமூச்சு சிரித்தார். அது அவளுக்குக் கொடுத்த பட்டமாம். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பட்டம் முதல்தடவையாக அவள் மூக்கில் நாறியது. அவர் சாய்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். கைப்பிடியில் தோல் வைத்துத் தைத்திருந்தது. அவர் மேசையில் கீபோர்டே இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே வெடித்துவிட்டாள். புருஷன் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குலுக்குகிற குலுக்கலில் குடல் கலங்கியவர். யார் வந்தாலும் முதல் நாள் வண்டியை எடுக்க விடமாட்டார். சீட்டை முன்னே பின்னே தள்ளு, முதுகைச் சாய், கால் பெடலுக்கு எட்டுதா பார், கண்ணாடியைத் திருப்பு. எல்லாம் சரியானால்தான் சாவி கொடுப்பார்.

அவர் டாக்டர் போட்ட படத்தை வாங்கி, அடுப்பு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இது சீட் போடுற கணக்குதானே? நான் தினமும் ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறது இதுதானே?"

"ஆமா."

"நீ எப்படி உக்கார்றேன்னு நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே."

"நானும் சொன்னதில்லையே. சொன்னா மட்டும் என்ன, அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லியிருப்பீங்க."

அவர் கரண்டியை வைத்துவிட்டு டேப்பை எடுத்து வந்தார். அவளைச் சமையலறை முக்காலியில் உட்கார வைத்து, பாதத்திலிருந்து முட்டி, முட்டியிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து கண் என்று ஒவ்வொன்றாக அளந்து சுவர் காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்த தையல்காரர்கூட இவ்வளவு அளக்கவில்லை என்று அவள் சொன்னாள். சோறு குழைந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனார்கள். காவலாளிக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவரே இவர்தான் என்பதால் கதவு திறந்தது. மேசைக்கு அடியில் எல் வடிவ இரும்புத் துண்டு இரண்டை நாலு ஸ்க்ரூவில் முடுக்கி, அதன்மேல் ஒரு பலகையைக் கிடத்தி, கீபோர்டையும் மவுஸையும் கீழே இறக்கினார். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். பிஸ்கட் தூள், தலைமயிர், யாரோ கடித்துத் துப்பிய நகம் எல்லாம் கொட்டியது. மிஷின் அக்கா ஓங்கரித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். அவர் ஒரு நீளமான வயர் போட்டு ஸ்க்ரீனை நேரே கொண்டுவந்தார். சிபியு பெட்டியை வெளியே இழுத்து வைத்தார். காலுக்குச் சரிவாக ஒரு கட்டை. நாற்காலி இறங்காமல் இருக்க அதன் தண்டில் பிளாஸ்டிக் குழாயை வெட்டி மாட்டினார். முதுகுக்குச் சுருட்டிய துண்டு. நாற்காலிக்குக் கை வைக்க மட்டும் அவரால் முடியவில்லை.

"உக்காரு. சாஞ்சுக்கோ. கால் எட்டுதா? நேரா பாரு" என்றார், வண்டிக்குள் இருக்கிற மாதிரியே. "இப்போ சாவி போடலாம்."

ஒன்பது நாள் அவள் அப்படி வேலை பார்த்தாள். எண்ணி ஒன்பது நாள். ஐந்தாம் நாள் கழுத்துப் பிடிப்பு விட்டது. எட்டாம் நாள் வெந்நீர் தன் குடுவை மூடியில் ஊற்றிக் கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கியபோது ஆள்காட்டி விரலில் ஏதோ தெரிந்தது. சூடு. லேசாக, ரொம்ப லேசாக, ஆனால் சூடுதான். "சுடுதுடி! எனக்குச் சுடுதுடி!" என்று கத்திவிட்டாள். பிரிவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுட்டதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவதை அவர்கள் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் பெருமூச்சு வந்தார். குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து மூச்சு விட்டார். நிறுவனத்தின் பொருளில் அனுமதியில்லாமல் நாலு துளை. அன்றைக்குச் சாயங்காலமே பலகை கழற்றப்பட்டது, வயர் சுருட்டப்பட்டது, குழாய்த் துண்டு குப்பைக்குப் போனது. காலுக்கு வைத்த கட்டையை வராந்தாக் கதவு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்துவிட்டார்கள். துளை ஏன் போடப்பட்டது என்று மூன்று நாளைக்குள் விளக்கம் எழுதச் சொல்லி அவளுக்கு ஒரு தாள் வந்தது. விளக்கத்தையும் அவள் அந்தப் பள்ளத்து நாற்காலியில், தோளைத் தூக்கிக்கொண்டுதான் அடித்தாள்.

வேலையை விட்டுவிடு என்றார் புருஷன். விட்டால் வேறு எங்கே? விரலை நம்பித்தான் அவளை எவனும் வேலைக்கு எடுப்பான், விரல்தான் போய்க்கொண்டிருக்கிறதே. சரி, நஷ்டஈடு கேள், உங்கள் ஆபீஸ் வேலையே அதுதானே என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"படிவத்துல முதல் கேள்வியே என்ன தெரியுமா? விபத்து நடந்த தேதி, நேரம், இடம். என்ன எழுதட்டும்? பதினெட்டு வருஷம், காலையில ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும், நாற்காலியிலன்னா? கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்க. நானே அப்படி வந்ததை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

அதைச் சொல்லும்போதுதான் அந்தத் திருப்பி அனுப்பிய படிவங்களுக்குப் பின்னால் இருந்த கைகள் அவள் ஞாபகத்துக்கு வந்தன. துணி மடிக்கிற ஒருத்தி, பொட்டலம் ஒட்டுகிற ஒருத்தன். தேதி இல்லை, முழுமையற்றது, திருப்புக. அவள்தான் அடித்தாள், பிழையில்லாமல். அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை.

இரண்டு மாதமும் பத்து நாளும் ஆனபோது இடது கையில் சுருசுருவென்று ஆரம்பித்தது. டாக்டர் இந்த முறை பஞ்சைக்கூட எடுக்கவில்லை. வலது கைக்குத் தேதி குறித்தார், வருகிற மாதம் முதல் வாரம்.

"அதைத் திறந்து விடுறேன். எவ்வளவு வருதோ அவ்வளவுதான். ஆனா இடது கை இன்னும் கெடலம்மா. அந்தச் சனியன் பிடிச்ச நாற்காலியில இனி ஒருநாள் உக்காந்தாலும் நீங்களா கெடுத்துக்கிற மாதிரி. ஒரு கையையாவது வச்சுக்குங்க."

ஒரு கையையாவது வச்சுக்குங்க. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதுதான் காதில் ஒலித்தது. இடது கையை மடியில் வைத்து, வலது கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருப்பது வலது கைக்குத் தெரியவில்லை, இடது கைக்குத்தான் தெரிந்தது.

இதற்கிடையில் அவள் ஒரு நாளைக்கு அடிக்கிற படிவம் நூற்றிருபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியிருந்தது. படிவங்கள் தேங்கித் தலைமை அலுவலகம் காரணம் கேட்டது. கேட்டதும் பெருமூச்சுக்கு ஞானோதயம் வந்துவிட்டது. டாக்டர் சீட்டை இணைத்துச் சிறப்பு அனுமதிக்கு எழுதினார், அனுமதியும் வந்தது. ஒரு காலையில் கை வைத்த நாற்காலி ஒன்றைப் பொருளறைக்காரர் தள்ளிக்கொண்டு வந்து, பெருமூச்சின் அறை வாசலில் நிறுத்தினார். கூடவே உயரம் குறைந்த மேசைக்கும் உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார். வெந்நீர் எழுந்து நின்று கைதட்டினாள்.

பெருமூச்சு அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா சம்பிரதாயம். ஒரு கையெழுத்து போட்டுட்டு நாற்காலியை எடுத்துக்குங்க."

'என் கைகளின் உபாதைக்கும் எனது அலுவலகப் பணிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்றும், நிறுவனம் கருணை அடிப்படையில் வழங்கும் நாற்காலியை' என்று அது போனது. படிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. இந்த மாதிரித் தாளில் வாரத்துக்கு இரண்டையாவது அடிக்கிறவள் அவள். இதில் கையெழுத்துப் போட்டவன் அதற்குப் பிறகு எந்த வாசலில் போய் நின்றாலும் இந்தத் தாளைக் காட்டித் துரத்திவிடுவார்கள். கருணையாம்! தாளைக் கிழித்து அந்த ஆளின் மூஞ்சியில் எறிய வேண்டும் போல் இருந்தது.

கண்ணாடிக் கதவு வழியாக நாற்காலி தெரிந்தது. இடது கையை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்தாள். பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆமாம், போட்டுத் தொலைக்கத்தான் போகிறாள். மானம் பார்த்தால் இந்தக் கையும் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பெருமூச்சு தாளைப் பார்த்தார். அவளுடைய பழைய கோப்பைப் பிரித்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூச்சு விட்டார்.

"என்னம்மா இது? கையெழுத்து ஒத்துப்போகலையே. தலைமை அலுவலகத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. பழையபடி போடுங்க."

இன்னொரு தடவை போட்டாள். பேனா எங்கே அழுந்துகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. முதல் எழுத்து சரிந்தது, கடைசிச் சுழி தாளை விட்டு வெளியே ஓடியது. அவர் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்து, பழைய கோப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாத்து நாலு தடவை எழுதிப் பழகிட்டு, அப்புறம் இதுல போடுங்க. அவசரமில்ல."

கோப்பில், வேலையில் சேர்ந்த அன்று அவள் போட்ட கையெழுத்து இருந்தது. ஒரே இழுப்பில் எழுதி, கடைசியில் ஒரு சுழி சுழித்து, அடியில் கோடும் போட்டிருந்தாள். தன்னுடைய கையெழுத்தை, திருட்டுக் கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஒன்றுகூட அவளுடையதாக இல்லை. அந்த ஆள் எதிரே தோல் வைத்த கைப்பிடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

மிஷின் அக்கா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"சார், அந்தக் கையெழுத்தைப் போட்ட கை வேணும்னா உங்ககிட்டதான் இருக்கணும். நான் வேலைக்கு வந்த அன்னைக்கு அதைக் கொண்டுவந்து உங்ககிட்ட குடுத்தேன். தேடிப் பாருங்க. கிடைச்சா சொல்லி அனுப்புங்க, வந்து போட்டுத் தர்றேன்."

அவள் குரல் உயரவில்லை. பெருமூச்சு வாயைத் திறந்தார்; மூச்சு மட்டும் வரவில்லை. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, உறை போட்ட நாற்காலியை இடது கையால் தள்ளிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். பழையதைக் காலால் ஒரு உதை விட்டாள். அது வராந்தா வரைக்கும் உருண்டு போய்க் கவிழ்ந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. வெந்நீர் ஓடி வந்து பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள்.

உட்கார்ந்தாள். நாற்காலி இறங்கவில்லை. முழங்கை இரண்டையும் நாற்காலியின் இரண்டு கைகளின்மேல் வைத்தாள். வைத்ததும் தோள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன. அவ்வளவு உயரத்தில் தோளைத் தூக்கி வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"அம்மா... அந்தத் தாள்..." என்று வாசலில் நின்று இழுத்தார் பெருமூச்சு. ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் வெந்நீர்.

மிஷின் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, சந்தோஷத்தில் இல்லை.

"ரெண்டு கட்டைடி" என்றாள். "கையை வைக்க ரெண்டே ரெண்டு கட்டை. இவ்வளவுதாண்டி. ச்சீ! இதுக்கா என் கை போச்சு?"